நேயரே, இருமல் எப்பிடி?

கனடாவுக்குப் போனவர்கள் ஆயிரம் பேரை எனக்குத் தெரியும். ஆனால் கிளிநொச்சியை விட்டு ஓரடி நகராமல், பாஸ்போர்ட் எடுக்காமல், ஏஜென்சிக்காரனுக்கு ஒரு சதம் கொடுக்காமல் கனடாவில் வாழ்ந்த மனிதர் ஒரேயொருவர்தான். அவருக்கு ஊர் வைத்த பெயர் 'தொடரும்'.

சொந்தப் பெயரும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு காலத்தில் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர் நாவல் எழுதியவர். இடப்பெயர்வில் பத்திரிகை நின்றது, நாவல் நிற்கவில்லை. அச்சடிக்க ஆளில்லாவிட்டாலும் கிழமைக்கு ஒரு அத்தியாயம் எழுதி, கடைசியில் 'தொடரும்' போட்டு, அலுமாரிக்குள் வைத்துவிடுவார். அந்தப் பழக்கதோஷத்தில் ஆட்களிடம் விடைபெறும்போதும் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை, "தொடரும்" என்பார். ஒரு செத்த வீட்டிலும் அப்படிச் சொல்லிவிட்டு வந்தார். அந்தக் குடும்பம் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை.

பாதை திறந்திருந்த சமாதான காலம். நானும் என் கணவரும் ஏ-ஒன்பது வீதியோரம் ஒரு கொமினிகேசன் கடை நடத்தினோம். வெளிநாட்டிலிருந்து யாராவது கோல் எடுத்து, "முரசுமோட்டையிலை எங்கட அம்மாவைக் கூட்டியந்து வையுங்கோ, ஒரு மணித்தியாலத்தாலை திருப்பி எடுக்கிறன்" என்பார்கள். சைக்கிளில் போய் அம்மாவை ஏற்றி வந்து, போனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி வைப்போம். அதுதான் தொழில். பிறகு கூரையில் பெரிய தட்டு ஒன்று பூட்டி இன்ரநெற்றும் வந்தது. அத்தோடு என் கணவருக்கு ஒரு யோசனையும் வந்தது. இவருக்கு யோசனை வந்தால் எனக்கு வேலை வரும்.

"இஞ்சேரும், இன்ரநெற்றிலை றேடியோ நடத்தலாமாம். வெளிநாட்டுச் சனம் பழைய பாட்டெண்டா உருகுதுகள். விளம்பரம் வந்து குவியும்."

"பாட்டுக்கு எங்கை போறது?"

"தொடரும் அண்ணையிட்டை ஒரு மூட்டை கசெற் கிடக்கு."

கிடந்தது உண்மைதான். ஒவ்வொரு இடப்பெயர்விலும் சனம் அரிசியும் பாயும் சுமக்க, அவர் அரிசிப் பையில் கசெற் சுமந்தார். மழையில் நனைந்து எல்லாக் கசெற்றிலும் எழுத்து அழிந்துவிட்டது. எதற்குள் எந்தப் பாட்டு என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அறிவிப்பை மட்டும் விடமாட்டார். "காதலியைப் பறிகொடுத்தவன் கடற்கரையில் நின்று கதறுகிறான், கேளுங்கள்" என்று தழுதழுத்துவிட்டுப் போடுவார். உள்ளேயிருந்து டிங்கு டிங்கென்று கும்மாளப் பாட்டு வரும். நான் தலையில் கை வைப்பேன். அவர் அசையமாட்டார். பாட்டு முடிந்ததும், "துக்கம் எல்லை மீறினால் மனிதன் இப்படித்தான் ஆடுவான்" என்பார். ஆமாம்தானே என்று எனக்கும் தோன்றிவிடும். நான் குழம்பத் தொடங்கியது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் நிகழ்ச்சி. மைக்கைப் பிடித்தார், கரகரத்த குரலில் தொடங்கினார்: "இனிய இரவு வணக்கம், நேயர்களே."

வெளியே வெயில் எறிக்கிறது, உழவு மெசின் போகிறது, அடுத்த வளவில் சேவல் கூவுகிறது.

"அண்ணை, விடிஞ்சு எட்டு மணி" என்று கிசுகிசுத்தேன்.

"உனக்குத்தான் பிள்ளை விடிஞ்சது. டொரன்ரோவிலை சனி இரவு பத்து மணி. யன்னலைச் சாத்து."

அதோடு விட்டாரா? இரவு நிகழ்ச்சிக்கு இரவுக் குரல் வேண்டும், இரவுக் குரலுக்கு உடம்பும் இரவில் இருக்க வேண்டும் என்று சொல்லி, முழுதாகக் கனடா நேரத்துக்கே குடிபெயர்ந்துவிட்டார். எங்கள் வெயில் நேரமெல்லாம் அவருக்கு நித்திரை. நாங்கள் விளக்கு வைக்கும்போது அவர் பல் விளக்குவார். அவர் மனைவி பவளக்கா கடைக்கு வந்து வாங்கில் பொத்தென்று இருந்தார்.

"தங்கச்சி, விடியப்புறம் எழும்பிக் குசினிக்குள்ளை போறன், மனிசன் 'என்ன பவளம், பின்னேரத் தேத்தண்ணி இன்னும் இல்லையோ' எண்டு கேக்குது. நான் எந்த நாட்டிலை குடும்பம் நடத்துறன் எண்டு எனக்கே விளங்கேல்லை."

எனக்கும் விளங்கவில்லை. ஒருநாள் நானே மத்தியானம் வந்த ஒருவரிடம் "குட் நைற்" சொல்லி அனுப்பிவிட்டேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கொம்பியூட்டர்த் திரையின் மூலையில், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஒரு எண் வரும். முதல் நாள் அது ஒன்று என்று காட்டியது. அடுத்த கிழமையும் ஒன்று. அதற்கடுத்த கிழமையும் அதேதான். பாட்டு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க என் கணவர் பின் அறையில் இன்னொரு கொம்பியூட்டரைத் திறந்து வைத்திருந்தார்.

"அந்த ஒண்டு நாங்கள்தான்" என்று என் காதுக்குள் சொன்னார். "அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதையும். விளம்பரம் வரட்டும், பிறகு பாப்பம்."

ஆனால் தொடரும் அந்த எண்ணைக் கண்டுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"என்ரை கதையை வாசிக்க ஆளில்லாமல் எத்தினை வரியம் போச்சு! ஒரு ஆளெண்டாலும் கேக்குது, பாத்தியே பிள்ளை!"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கு வாய் வரும்? அன்றிலிருந்து 'நேயர்களே' போய், 'வணக்கம் நேயரே' வந்தது.

நாவல் எழுதுகிறவர் கையில் ஒரு ஆள் அகப்பட்டால் சும்மா விடுவாரா? ஒரு மாதத்துக்குள் அந்த நேயர் பெண் ஆகிவிட்டார்.

"எப்பிடி அண்ணை தெரியும்?"

"ஆம்பிளையள் இவ்வளவு நேரம் பொறுமையா ஒருத்தன்ரை கதையைக் கேப்பாங்களோ?"

பிறகு அவருக்கு ஊர் முல்லைத்தீவு ஆனது. ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. தனி அறை, ஒற்றைக் கட்டில், பனியில் வழுக்கி விழுந்த முழங்கால். வயலின் அழும் பாட்டு நேயருக்குப் பிடிக்காது என்று சொல்லி, தொடரும் அதைப் பாதியில் நிறுத்திவிடுவார். ஒரு மாரிகாலத்தில் அவருக்கு இருமலும் வந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் தொடரும் மைக்கை நெருங்கி, "நேயரே, இருமல் எப்பிடி?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருப்பார். பதில் வரப்போகிறதென்று நானும் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். வெட்கக்கேடு!

விசயம் சந்தைவழியாகப் பவளக்காவின் காதுக்குப் போனது. மறுகிழமை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"ஆர் அவா?"

"நேயர்" என்றார் தொடரும்.

"கலியாணம் முடிச்சவவோ?"

"இன்னும் அந்த அத்தியாயத்துக்கு வரேல்லை."

பவளக்கா போகவில்லை. கதிரையைப் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் காவல் இருந்தார். வழக்கம்போலத் தொடரும் இருமலை விசாரித்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எட்டி மைக்கைப் பறித்தார். போச்சு, இன்றைக்கு ஒரு கொலை விழப்போகிறது என்று நான் நினைத்தேன்.

"இஞ்சை பார் பிள்ளை, சும்மா இருமிக்கொண்டு இராதை. மல்லியை வறுத்து, வேர்க்கொம்பும் தட்டிப் போட்டு, நல்லா அவிச்சுக் குடி. சீனி மட்டும் போட்டிடாதை, விளங்குதோ?"

அன்றிலிருந்து அக்காவும் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஒரு பைத்தியத்தோடு மல்லுக்கட்டிய நான் இரண்டோடு கட்டவேண்டி வந்தது.

ஒரு வருடம் போனது. விளம்பரம் ஒன்றும் வரவில்லை. ஜெனரேற்றர் மட்டும் டீசலைக் குடித்துக்கொண்டே இருந்தது. என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும், நான் கண்ணைக் காட்டக் காட்ட, போட்டு உடைத்துவிட்டார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அந்த ஒண்டு ஆளில்லை. பின் அறையிலை கிடக்கிற எங்கட கொம்பியூட்டர்தான் அது."

தொடரும் எழும்பிப் பின் அறைக்குப் போய்ப் பார்த்தார். அந்தக் கொம்பியூட்டர் ஒரு வெறுங் கதிரையைப் பார்த்தபடி கிடந்தது.

"அப்ப இருமினது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இருமேல்லை அண்ணை."

கசெற் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். 'தொடரும்' என்று சொல்லவில்லை. அன்றைக்கு என் கணவருக்கு வெறுஞ்சோறுதான் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பவளக்கா ஓடி வந்தார்.

"தங்கச்சி, மனிசன் இப்ப இரவிலை நித்திரை கொள்ளுது, பகலிலை முழிச்சிருக்குது. எனக்குப் பயமாக் கிடக்கு. எழுத்தும் இல்லை. அலுமாரியைப் பூட்டித் திறப்பை என்னட்டைத் தந்திட்டார்."

அடுத்த ஞாயிறு. யன்னல் திறந்திருந்தது, மைக்குக்கு மேல் துணி போட்டிருந்தது. எட்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வழக்கம்போலப் பேனையை எடுத்துக்கொண்டு, "ஹலோ, ஆரைக் கூட்டியரோணும்?" என்றேன்.

"ஒருத்தரையும் வேண்டாமக்கா. இண்டைக்கு ஏன் பாட்டில்லை?"

ஆண் குரல். நல்ல தடித்த குரல்.

"நீங்கள் ஆர் தம்பி?"

"நான்தானக்கா அந்த நேயர்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். டொரன்ரோவுக்கு வெளியே ஒரு பெற்றோல் செட்டில் அவனுக்கு இரவு வேலை. சனி இரவில் வாகனம் குறைவு. முதலாளியின் கொம்பியூட்டரில் எங்கள் றேடியோவைப் போட்டுவிட்டு இருப்பானாம், முதல் நாளிலிருந்தே. வவுனியாவில் கொம்பியூட்டர் படித்த ஒருவர் பிறகு விளக்கினார், பின் அறையில் இருந்த எங்கள் சொந்த மெசினை அந்த எண் சேர்ப்பதே இல்லையாம். எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, அந்த ஒன்று ஒரு மனுசன் என்பதுதான்.

"அப்ப ஏன் தம்பி இவ்வளவு நாளும் ஒரு கோல் எடுக்கேல்லை?"

"அண்ணை என்னைப் பொம்பிளையெண்டெல்லோ நினைச்சுக் கதைக்கிறார். நான் இந்தக் குரலோடை வந்து நிண்டா எல்லாம் குழம்பிப் போகுமக்கா."

"உமக்கு உண்மையிலை இருமலோ?"

"சீச்சீ, இல்லை. ஆனா அக்கா, இஞ்சை வந்த நாள் தொட்டு ஒருத்தரும் என்னட்டை அப்பிடி ஒண்டும் கேட்டதில்லை. அதாலை மல்லி வாங்கி அவிச்சுக் குடிச்சனான். சீனி போடேல்லை எண்டு அந்த அம்மாட்டைச் சொல்லுங்கோ."

"ஒரு மணித்தியாலத்தாலை எடும் தம்பி, ஆளைக் கூட்டியந்து வைக்கிறன்" என்றேன்.

"ஐயோ வேண்டாம். நான் கதைச்சா அண்ணையின்ரை அந்த நேயர் செத்துப் போவா. பாட்டை மட்டும் போடச் சொல்லுங்கோ."

சைக்கிளை நானே எடுத்துக்கொண்டு பறந்தேன். தொடரும் விறாந்தையில் கதிரை போட்டு, றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நேயர் கோல் எடுத்தவா!"

அவர் என்னை நம்பவில்லை. "சும்மா என்னைப் பேய்க்காட்டாதை பிள்ளை."

"உங்கள்மேலை ஆணை. ஏன் பாட்டில்லையெண்டு கேட்டவா. பவளக்கா, மல்லி அவிச்சுக் குடிச்சவாவாம். சீனி போடேல்லையாம்."

"போட்டிருந்தா மருந்து முறிஞ்சிருக்கும்" என்றார் பவளக்கா குசினிக்குள்ளிருந்து.

தொடரும் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். பிறகு மண்டையைப் பிளக்கிற வெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பதினொரு மணியாகுது. நல்லா இருட்டிப் போச்சு. இனியும் முழிச்சிருப்பாவோ?"

"முழிச்சிருப்பா. வாங்கோ."

அக்கா அலுமாரித் திறப்பை இடுப்பிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தார். என் கணவரும் அதன் பிறகு டீசலைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த நேயருக்குக் கடைசிவரை கலியாணமும் ஆகவில்லை, வயலினும் பிடிக்கவில்லை.

பிறகு திரும்பவும் சண்டை வந்து பாதை பூட்டியது. தட்டு போனது, கடை போனது, ஆளுக்கொரு பக்கமாக இடம்பெயர்ந்தோம். தொடரும் அண்ணையையும் பவளக்காவையும் முள்ளிவாய்க்காலில் கண்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, அதற்கு முதலே ஏதோ நடந்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். எதை நம்புவது என்று தெரியவில்லை.

வவுனியாவில், முகாமில், தண்ணீர் வரிசையில் நின்றேன். ஒரே புழுதி. எனக்கு விடாத இருமல். எல்லாரிடமும் சொல்ல அவரவர் துக்கம் இருந்தது. அடுத்தவரை என்ன ஏதென்று கேட்க ஒருவருக்கும் தெம்பில்லை. வாளியைப் பிடித்தபடி குனிந்து இருமிக்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில், பின்னாலிருந்து அந்த இரவுக் குரல் கேட்டது.

"நேயரே, இருமல் எப்பிடி?"

திரும்பினேன். தோளில் மூட்டை இல்லை. கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல். பக்கத்தில் பவளக்கா, எலும்பும் தோலுமாக. வாளியைப் போட்டுவிட்டு, அத்தனை சனமும் பார்க்க, குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதண்ணை" என்றேன்.