சவாரி நானாவின் ஐந்து நிமிட நடை

திருகோணமலையில் சவாரி நானாவோடு பத்து நிமிடம் கதைத்துவிட்டுத் தெளிவோடு வீடு திரும்பிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன். என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து வந்து பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் குடியேறியவர். உப்புவெளிக் கடற்கரைக்கு வருகிற ஆட்களைக் குதிரையில் ஏற்றிச் சவாரி விடுவது தொழில். குதிரை ஒன்றே ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் தம்பி. என்னையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே மரியாதை. "வாங்க, போங்க" தான்.

ஒருநாள் குதிரை பாறையில் இடறி விழுந்தது. "தம்பிக்குக் காலில ஒப்பரேசன். மூட்டுக்குள்ள எலும்புத் துண்டு உடைஞ்சு நிக்குதாம்" என்று சந்திக் கடையில் சொல்லிவிட்டு, நானா அதை லொறியில் ஏற்றிக்கொண்டு கண்டி மிருக வைத்தியசாலைக்குப் போய்விட்டார். அன்று பின்னேரம் ஒழுங்கையே அப்பிள் பழத்தோடு என் வீட்டுக்கு வந்தது. நான் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

"எந்தக் கால்?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"எனக்கு ஒண்டுமில்லை."

"மறைக்காதேங்கோ, எல்லாருக்கும் வாறதுதான்" என்று பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. திரும்பி வந்த நானா டொக்டர் எழுதிக் கொடுத்த கடதாசியை என்னிடம் நீட்டினார். எல்லாம் ஆங்கிலம். ஓர்ஸ் ஹில் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிற எனக்கு எந்தப் பாஷையும் விளங்கும் என்பது அவர் நம்பிக்கை. வாசித்துச் சொன்னேன். ஆறு கிழமை கொட்டிலில் ஓய்வு. பிறகு காலையும் மாலையும் கயிற்றைக் கையில் பிடித்து ஐந்து நிமிட நடை, கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். சட்டென்று திருப்பக் கூடாது. கடைசியில் ஆள் ஏறலாம். நொண்டல் மாறாவிட்டால் சவாரி என்ற கதையே இல்லை.

"ஏலாட்டி கந்தளாயில மச்சான்ட வயலில விடச் சொல்றாங்க. சும்மா நிண்டு புல்லுத் தின்னட்டுமாம்" என்றார் நானா. சொல்லிவிட்டு முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கள் ஒழுங்கை ஒரு முட்டுச் சந்து. சட்டென்று திருப்பக் கூடாதென்றால் குதிரை எப்படித் திரும்பி வரும்? நானா வழி கண்டுபிடித்தார். முன் படலையால் என் வளவுக்குள் நுழைந்து, குசினியைச் சுற்றி, பக்கத்துப் படலையால் வெளியேறுவது. மாதக்கணக்கில் நாங்கள் காலைச் சாப்பாடு சாப்பிடும்போது யன்னலுக்கு வெளியே ஒரு குதிரைத் தலை போய்க்கொண்டிருந்தது. "மெல்ல நடங்க தம்பி" என்று அவர் குரல் கொடுத்தால் நானும் மெல்லச் சாப்பிட்டேன்.

நடை அரை மணித்தியாலத்தை எட்டிய கிழமை, நானா இடிந்துபோய் வந்தார்.

"நொண்டல் போகல்ல. பார்த்தாத் தெரியாது. கயிற்றில தெரியுது. ஒவ்வொரு எட்டுக்கும் கை வெட்டி இழுக்குது. கந்தளாய்க்கு லொறி பேசப் போறன்."

ஒரு தடவை டொக்டருக்குக் காட்டிவிட்டுப் பேசலாம் என்று மறித்தேன். நானா குதிரையைப் பிடித்து நடக்க, நான் போனில் வீடியோ எடுத்து அனுப்பினேன். சற்று நேரத்தில் டொக்டர் அம்மா கூப்பிட்டார்.

"குதிரை நேராத்தான் நடக்குது. பக்கத்தில நடக்கிறவருக்கு என்ன நடந்தது?"

"யாருக்கு?" என்றார் நானா.

"உங்களுக்கு. இடது காலை நொண்டுறீங்க."

"எனக்கு ஒப்பரேசன் இல்லயே."

வீடியோவை நாங்கள் நாலு தரம் பார்த்தோம். குதிரை அழகாக நடந்தது. நானாதான் ஓரெட்டுக்கு ஒருதரம் சாய்ந்து சாய்ந்து போனார். குதிரைக்கு வெட்டிய அதே இடது கால். எத்தனை மாதமாக அப்படி நடக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. சரியாக நடந்து காட்டுகிறேன் என்று எழும்பினார். வலது காலை நொண்டினார்.

அடுத்த நாளிலிருந்து கயிறு என் கைக்கு வந்தது. பிறகு ஆள் ஏறும் நாளும் வந்தது. குதிரையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். "ஏறுங்க நானா" என்றேன்.

அவர் கடலைப் பார்த்தார். "நான் ஒரு நாளும் ஏறினதில்ல தம்பி. உயரமெண்டா தலை சுத்தும்."

இத்தனை வருடம் ஊரையே குதிரையில் ஏற்றியவர் அவர். கடைசியில் உடம்பில் சதையில்லாத நானே ஏறினேன். எதற்காகக் குதிரையில் இருக்கிறேன் என்று விளங்கும் முன்பே அது சின்ன ஓட்டம் எடுத்தது. பிடரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஈர மணலில் நேர்கோடாக ஓடிய ஓட்டத்தில் ஒரு பிசகும் இல்லை. திரும்பிப் பார்த்தால் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார், இரண்டு காலும் நன்றாக வேலை செய்ய.

இப்போது சவாரி பழையபடி நடக்கிறது. போன மாதம் காய்ச்சலில் மூன்று நாள் நான் வெளியே தலைகாட்டவில்லை. நாலாம் நாள் நானா குதிரையோடு வாசலில் நின்றார்.

"இவர் உங்களத் தேடினவர்" என்றார்.

குதிரை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. முருங்கைக் கொப்பைக் கடித்துக்கொண்டு நின்றது. நான் நானாவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.