கப்பல் ஜெராக்ஸும் பெயர் தெரியாத பாட்டும்

சிதம்பரம் அண்ணாமலை நகரில் பட்டம் வாங்கியவர்களுக்குப் படித்த பாடம் மறந்திருக்கலாம். பிலிப்பைன்ஸ் பாட்டுக்காரர்கள் நாலு பேரின் வாழ்க்கை வரலாறு மட்டும் சாகும்வரை மறக்காது. காரணம், ஹாஸ்டலுக்கு எதிரே கடை வைத்திருக்கும் கப்பல் ஜெராக்ஸ்.

சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்த்தவர். கூட வேலை செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் மைக்கைப் பிடித்துக் கரோக்கே பாடுவார்களாம். ஊர் திரும்பும்போது அத்தனை பாட்டையும் மனசில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நோட்ஸைக் கொடுத்தால் மிஷின் ஓடும், இவர் பாடுவார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார், கிதார் வாசித்தவர் யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் சொல்லி முடிக்காமல் பாட்டு வாயில் வராது.

"அண்ணே, பத்து மணிக்குப் பரீட்சை. பேப்பரைக் குடுங்க."

"இருப்பா. கிதார்காரரு இப்பதான் மணிலாவுக்கு பஸ் ஏறியிருக்காரு. எறங்கட்டும்."

அவர் இறங்கி, வாய்ப்புத் தேடி, பாட்டு ஹிட்டான பிறகுதான் நோட்ஸ் நம் கைக்கு வரும்.

"ஏண்ணே, பாட்டை மட்டும் பாடுனா ஆவாதா?" என்று ஒருநாள் கேட்டேன். முறைத்தார்.

"சோத்தத் துன்னுட்டு, ஆக்குனவங்க யாருன்னு கேக்காம எழுந்து போவியா நீ?"

நான் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடுகிறவன். கேட்காமல்தான் எழுந்து போவேன்.

நெல் குலைநோய் பற்றிய என் ஆய்வேட்டை, புத்தி கெட்டுப்போய் அவரிடமே பைண்டிங்குக்குக் கொடுத்தேன். பசங்களுக்குக் கொடுப்பதற்காக அவர் டைப் அடித்து வைத்திருந்த ஒரு கிதார்காரரின் வரலாறும் நடுவில் சேர்ந்து தைக்கப்பட்டுவிட்டது. வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் என் நோயைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "தம்பி, இந்தக் கிதார்காரர் கடைசியில அந்தப் பொண்ணையே கட்டிக்கிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். கட்டிக்கொண்டார் என்றேன். எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

இப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு பாட்டை மட்டும் பாட மாட்டார். முனகுவதோடு சரி. கப்பலில் டோடோங் என்ற சமையல்காரர் அடிக்கடி பாடிய பாட்டு அது. யார் எழுதியது என்று கேட்டால் டோடோங் சிரித்துவிட்டுப் போய்விடுவாராம். ஏதோ தீவுப் பாஷை என்பதால் இவருக்கு அர்த்தமும் பிடிபடவில்லை. டோடோங் ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போனதோடு தொடர்பும் விட்டுப்போயிற்று. நெட்டில் தேடாத இடமில்லை. பலன் பூஜ்யம்.

போன வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "சின்னதுல என்னைத் தூங்க வெக்க முனகுவியே, அதை ரிசப்ஷன்ல பாடுப்பா" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"யாரு எழுதுனதுன்னு தெரியாம எப்படிம்மா பாடுறது? திருட்டு மாதிரி ஆயிடும்."

"அப்ப ஒண்ணும் பாடாத, போ."

அதோடு மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். மனுஷர் ஆடிப்போய் எனக்குப் போன் செய்தார். குரலே சரியில்லை. எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து, பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டை ஆராய ஒரு பிலிப்பைன்ஸ் பெண்மணி வந்திருந்தார். நான் செய்தி சொன்னதுதான் தாமதம், பகலில் பூட்டியே அறியாத கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார் கப்பல் ஜெராக்ஸ். படகில் அந்த அம்மாவுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முழுப் பாட்டையும் பாடினார். படகோட்டி துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்.

அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இது எங்க தீவுப் பாஷைதான். ஆனா இப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வரிவரியாக அர்த்தம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

கீழ்ப் படுக்கை இந்தியன் விடும் குறட்டையில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. ஊரில் மகள் பிறந்த சேதி வந்ததிலிருந்து அவன் தூங்கவில்லை, இன்றைக்குத்தான் தூங்குகிறான். யாரும் எழுப்பாதீர்கள், அவன் சோற்றை நான் மூடி வைத்திருக்கிறேன்.

கப்பல் ஜெராக்ஸ் கட்டியிருந்த கையைப் பிரித்து என் பக்கம் திரும்பினார்.

"அந்தாளே கட்டுன பாட்டா தம்பி? என்னப் பத்தியா?"

"ஆமாண்ணே."

"நான் கொறட்டை விட மாட்டனே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரிசப்ஷன் கடலூரில் நடந்தது. "எழுதுனவரு, மெட்டுப் போட்டவரு, ரெண்டும் எங்க கப்பல் சமையக்காரரு டோடோங்" என்று மைக்கில் அறிவித்தார். தொடர்ந்து டோடோங்கின் வரலாறு அரை மணி நேரம். பந்தியில் பிரியாணி ஆறிப்போனது. அப்புறம் பாடினார். மாலையும் கழுத்துமாக நின்ற மகள், மாப்பிள்ளையை விட்டுவிட்டு வந்து அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கடலூரில் என் தெருவிலேயே மூன்று ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆதார் கார்டு ஒரு காப்பி வேண்டுமென்றால், நான் சிதம்பரத்துக்குத்தான் பஸ் ஏறுகிறேன்.