சட்டப்படி நல்ல காத்து

என்ன, எல்லாரும் வந்து உட்கார்ந்துட்டீங்களா? மூச்சை வேற நல்லா இழுத்து விடறீங்க! கடல்காத்து வாங்கற ஊர்க்காரங்களுக்கு எவ்வளவு திமிரு பாருங்க. வடக்கே எங்க நவாப்கேராவுல இப்படித் தாராளமா இழுத்தா பக்கத்துல இருக்கறவன் பதறிப் போயிடுவான். சரி, இருமாம கேளுங்க.

எங்க ஊரைச் சுத்தி செங்கல் சூளை. நடுவுல டிராக்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கான் பல்ஜோர். அவனுக்கு மம்தேஷ் மேல உயிர். நிச்சயம் ஆயிடுச்சு, கல்யாணம்தான் ஆகல. காரணம், சர்க்கார் ஆபீஸ் மொட்டைமாடில நிக்கற மெஷின். காத்துல எவ்வளவு விஷம்னு அது நம்பர் காட்டும். நானூறைத் தாண்டிட்டா சூளைக்கும் பூட்டு, கல்யாண மண்டபத்துக்கும் பூட்டு. பல்ஜோர் கல்யாணம் ரெண்டு தடவை அந்தப் பூட்டுல மாட்டுச்சு.

மம்தேஷோட அப்பா முடிவா சொல்லிட்டாரு: "மாப்ளே, ஏகாதசி முகூர்த்தம்தான் கடைசி. அன்னைக்கும் நடக்கலைன்னா, கனடாக்காரப் பையன் ஒருத்தன் பொண்ணு தேடிட்டு வந்திருக்கான்."

பல்ஜோர் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி திரிகா சாப்கிட்ட ஓடினான். அவர் ரூம்ல மூலைக்கு ஒண்ணா ஏர் ப்யூரிஃபையர் உறுமிட்டு இருந்துச்சு.

"சாப், இந்தப் புகை எப்ப கொறையும்?"

"எந்தப் புகை?" அவர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையேப்பா!"

"ஊரே இருமுது சாப்!"

"இருமலுக்கும் புகைக்கும் சம்பந்தம் உண்டான்னு ஆராய நிபுணர் குழு போட்டிருக்கோம். மேற்படி நிபுணர்களுக்கு இருமல் நின்னதும் கூடுவாங்க."

"அதுவரைக்கும் காத்தை யாரு சுத்தம் பண்றது?"

"அது எங்க துறை இல்ல. மெஷின் மூக்குக்குள்ள போறதுதான் சட்டப்படி காத்து. மத்ததெல்லாம் வதந்தி."

மெக்கானிக் மூளை பட்டுனு பத்திக்கிச்சு. "பாவம் சாப் அந்த மெஷின், வெயில்லயும் பனியிலயும் தனியா நிக்குது. உங்க ரூமுக்குள்ள வச்சா என்ன?"

திரிகா சாப் கண்ணாடியைக் கழட்டினார். கண்ணு கலங்கியிருந்துச்சு. "அரசாங்கச் சொத்தைப் பாதுகாக்கணும்னு உனக்காவது தோணுச்சே!"

சாயங்காலமே மெஷின் அவர் மேஜை பக்கத்துக்கு வந்துடுச்சு. நம்பர் விறுவிறுனு இறங்கி முப்பத்தெட்டுல உட்கார்ந்துச்சு. ஊருக்கு 'தூய வளிமண்டலப் பேரொளி' விருது குடுத்தாங்க. காத்துதான் சுத்தமாயிடுச்சே, இனி என்ன பயம்? பூட்டிக் கிடந்த சூளையெல்லாம் டயர் போட்டுப் பத்தவச்சாங்க. விருது வந்த சந்தோஷத்துல விடிய விடிய பட்டாசு. பொண்ணுங்க லெஹங்காவுக்கு மேட்சா ஜரிகை முகமூடி தைச்சாங்க. கல்யாணப் பரிசுக்கு சிம்லா காத்து அடைச்ச டப்பாதான் புது நாகரிகம்.

எங்க பக்கம் ஏகாதசிதான் பெரிய முகூர்த்த நாள். அன்னைக்கு ஊர்ல பாதிப் பேருக்குக் கல்யாணம், வேற பொண்ணு பார்த்துட்ட கனடாக்காரனுக்கும்தான். உச்சி வெயில் நேரம், வெயிலைத்தான் காணோம். பல்ஜோர் குதிரை மேல. முகத்துல முகமூடி, அதுக்கு மேல பூச்சரம் தொங்கற சேஹ்ரா. குதிரையோட காதே அவனுக்குத் தெரியல. பேண்டு வாத்தியக்காரன் ஊதினா இருமல்தான் வந்துச்சு, ஆனா தாளம் தப்பாம வந்துச்சு.

"மண்டபம் எந்தப் பக்கம்டா?"

"இருமுற பக்கம் போ பாய்!"

"எல்லாப் பக்கமும் இருமுறாங்களேடா!"

ஆனா பல்ஜோர் கலங்கல. மம்தேஷோட இருமல் அவனுக்கு மனப்பாடம். போன்ல கேட்டுக் கேட்டு உருகின இருமல். சின்னதா ரெண்டு, அப்புறம் கொஞ்சலா ஒரு இழுப்பு. அது கேட்ட திக்குல குதிரையைத் திருப்பச் சொன்னான். மண்டபத்துல பொண்ணு வீட்டார் இருமினாங்க, மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்கு இருமினாங்க, சம்பிரதாயம் முடிஞ்சுது. பண்டிட்ஜி பேர் சொல்ற இடம் வந்தப்பல்லாம் தொண்டையைச் செருமினார். முக்காட்டோட பொண்ணு, சேஹ்ராவோட மாப்பிள்ளை, தீயைச் சுத்தி வந்தாச்சு.

சாயங்காலம் முக்காடு விலகுச்சு.

"ஏம்மா, நீ யாரு?"

"நீ யாருய்யா? கனடா மாப்பிள்ளை எங்கய்யா?"

போன் அடிச்சுது. மம்தேஷ். "டேய் மண்டு, எங்கடா தொலைஞ்ச? கனடாக்காரன் கழுத்துல மாலையைப் போட்டுட்டேன்டா! உன்னை மாதிரியே இருமினான்!"

"வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள எப்படிடி கத்துக்கிட்டான்?"

மறுநாள் இவங்களை மாதிரி ஜோடி மாறினவங்களும் சேர்ந்து ஊரே திரிகா சாப் ரூம்ல, பல்ஜோர் முன்னால.

"செல்லாதுன்னு சொல்லுங்க சாப். கண்ணு தெரியாம நடந்த கல்யாணம்."

அவர் மெஷினைக் காட்டினார். "நேத்து முப்பத்தெட்டு. முப்பத்தெட்டுல அடுத்த ஊர் கோபுரம் வரைக்கும் பளிச்சுனு தெரியும். அவ்வளவு தெளிவா பார்த்துப் பண்ணிட்டு இப்ப ஏமாத்தப் பார்க்கறியா?"

"மெஷின் உங்க ரூம்ல இருக்கு சாப்!"

"யாரு யோசனை?"

பல்ஜோர் இருமி மழுப்பப் பார்த்தான். ப்யூரிஃபையர் ஓடற அந்த ரூம்ல இருமல்கூட வரல.

"வேணும்னா மெஷினை மாடியிலயே வச்சுடலாம்," அப்படின்னார் சாப் பெருந்தன்மையா. "நிஜ நம்பர் வரும், நேத்துக் கல்யாணமும் செல்லாது. சூளையை மூடணும், கல்யாணம் எல்லாம் நிக்கும், விருது திரும்பிப் போகும். வைக்கலாம்கறவங்க கை தூக்குங்க."

பல்ஜோரும் மம்தேஷும் தூக்கினாங்க.

"முப்பத்தெட்டே இருக்கட்டும்கறவங்க?"

ஜோடி மாறின மத்தவங்க உட்பட மிச்ச ஊரே தூக்குச்சு.

மம்தேஷ் கனடா போயிட்டா. அங்க அவளுக்கு இருமலே நின்னுடுச்சாம். போன் பண்ணினா பல்ஜோருக்கு யாருன்னே அடையாளம் தெரியல.

என்ன பார்க்கறீங்க? அன்னைக்குக் குதிரைக் கயித்தைப் பிடிச்சிருந்தது நான்தான். கல்யாணம் நின்னா என் குதிரைக்கு வேலை ஏது? முப்பத்தெட்டுக்கு நான் ரெண்டு கையையும் தூக்கினேன்.