லோரெட்டாவை எடுத்துவிடப் போகிறேன்

டலூத், மினசோட்டா
டிசம்பர் 4

மதிப்புக்குரிய மாப்பிள்ளை கார்த் பெல்லட்டியர் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் ஓர்வில் ஹாகன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் லோரெட்டாவும் சௌக்கியம். நான் ஓட்டும் கவுண்டி நிர்வாகத்துப் பனி அள்ளும் வண்டிக்குத்தான் பிரேக் சரியில்லை. மினியாபோலிஸில் நீங்களும் என் தங்கை டோரிஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரைதான் என்றும் நம்புகிறேன்.

போன வாரம் தேங்க்ஸ்கிவிங் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே, பதினாறு பேர் முன்னால் என்ன கேட்டீர்கள்? "என்ன ஓர்வில், இன்னும் பேஸ்மென்ட்ல ஒக்காந்து அந்த கம்ப்யூட்டர் பொம்மையத்தான் நோண்டிக்கிட்டு இருக்கீங்களா? உருப்படியா ஏதாவது பண்ணக்கூடாதா?" எல்லாரும் சிரித்தார்கள். டோரிஸும் சிரித்தாள். நான் கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்தப் பொம்மை என்னவென்று இப்போது சொல்கிறேன். பதினொரு வருடங்களுக்கு முன்னால் பனித்தரையில் கல் தள்ளி ஆடும் எங்கள் கர்லிங் கிளப்பில் ஆட்ட நாளைப் பதிவு செய்ய ஒரு சின்ன காலண்டர் செய்தேன். கட்டத்தைத் தொட்டால் மாதம் விரியும், தேதியை அமுக்கினால் பதிவாகும், அவ்வளவுதான். மனைவி லோரெட்டாவின் பெயரையே வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர்கள் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. குறை சொல்ல மட்டும் வரிசையில் நின்றார்கள். "லோரெட்டா ரொம்ப மந்தம்", "லோரெட்டா வருஷா வருஷம் கனத்துக்கிட்டே போகுது", "லோரெட்டாவ விட்டா வேற நல்லது இருக்கா?" இதையெல்லாம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஒருத்தி படித்துவிடுகிறாள். அப்புறம் ஒரு வாரத்துக்கு எனக்குச் சுடுசோறு கிடையாது. இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு சனிக்கிழமையும், மீன் பிடிக்கப் போகாமல், கூரை ஒழுகலைப் பார்க்காமல், அதைத்தான் திருத்தித் திருத்தி வந்தேன்.

விருந்து முடிந்த மறுநாள் போர்ச்சுகலிலிருந்து ஒரு அம்மாள் மரியாதையாக எழுதியிருந்தார்: "ஐயா, பதினாலை அமுக்கினால் பதிமூன்று என்று பதிவாகிறதே." பார்த்தேன், உண்மைதான். எல்லாத் தேதியிலும் ஒன்று குறைந்தது. பதினொரு வருடமாக இப்படியா என்று வெட்கிப்போய் சனிக்கிழமையே திருத்திப் புதிய பதிப்பை ஏற்றினேன். திங்கட்கிழமை இருநூற்றுப் பதினான்கு புகார். தப்பு எல்லாருக்கும் முதலிலிருந்தே தெரியுமாம்! ஆளாளுக்குச் சத்தமில்லாமல் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். நான் சரியாக்கியதும் அந்தக் கூட்டலால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. தப்பு இருந்தபோது சொல்ல ஒரு ஆள் இல்லை, திருத்தியதற்குத் திட்ட ஊரே திரண்டு வந்தது.

அதில் ஒருவர் மணிக்கொரு தரம் "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று எழுதினார். கடைசியில் இப்படி: "பல்லு புடுங்க வர்றவங்க எல்லாம் ஒரு நாள் கழிச்சு வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறாங்க. இத எழுதினவன் யாரோ தெரியல, கத்துக்குட்டி. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு." கீழே தானாக ஒட்டிக்கொண்ட பெயர்: கார்த் பெல்லட்டியர், மூத்த மேலாளர். மாப்பிள்ளை, நீங்கள் முந்நூறு பல் மருத்துவமனைகளுக்கு விற்கும் மென்பொருளுக்குள் ஓடுவது என் பேஸ்மென்டில் பிறந்த பொம்மை. லோரெட்டா என்ற பெயரைப் பார்த்துமா உங்களுக்கு உறைக்கவில்லை? அன்று மேசையில் ஒரே ஒரு தரம், "அதோட பேர் என்ன?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. எனக்கு வலித்தது. ஆகவே வருகிற சனிக்கிழமை லோரெட்டாவை இணையத்திலிருந்து ஒரேயடியாக எடுத்துவிடப் போகிறேன். இதில் மாற்றமே இல்லை.

உங்கள் வாடிக்கையாளர்களின் பற்கள் எல்லாம் நூறாண்டு உறுதியாக இருக்கட்டும். டோரிஸுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
கத்துக்குட்டி ஓர்வில்

பி.கு.: உறையில் ஸ்டாம்ப் ஒட்டிய பிறகு கிளப்பிலிருந்து லோரெட்டா போன் செய்தாள்: "ஓர்வில், இங்கயும் எல்லாரும் ஒரு நாள் தள்ளி வந்து நிக்கறாங்க, என்னைத்தான் மொறைக்கறாங்க!" கிளப்பின் இணையப் பக்கத்துக்கு நான் எழுதிய நிரலைத் திறந்தேன். "ஒன்றைக் கூட்டு" என்று ஒரு வரி. பக்கத்தில் குறிப்பு: "தற்காலிகம். திங்கட்கிழமை சரி செய்கிறேன். ஓர்வில்." தேதி, உங்கள் கல்யாணத்துக்கு முந்திய நாள். டோரிஸ் வாசலில் காரை நிறுத்தி "அண்ணா, கெளம்பு, கெளம்பு" என்று ஹாரன் அடித்தது நினைவுக்கு வந்தது. அந்தத் திங்கட்கிழமை அப்புறம் வரவே இல்லை. ஊரெல்லாம் அந்த வரியைக் குறிப்போடு சேர்த்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. உங்கள் நிரலிலும் என் பெயர் இருக்கும், தேடிப் பாருங்கள். தப்பைத் திரும்ப வைத்துவிட்டேன். போர்ச்சுகல் அம்மாளை ஒன்றைக் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். அவர் ஒருவர்தான் நன்றி சொன்னார். பத்தே நிமிடத்தில் உங்கள் பதிலும் வந்தது: "இப்ப சரியா இருக்கு. இனிமே இதுல கை வெக்காதே." வைக்க மாட்டேன், மாப்பிள்ளை, எடுக்கவும் மாட்டேன். ஆனால் சனிக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஸ்டாம்ப் வீணாகக் கூடாதென்று இதை அனுப்புகிறேன்.