முழக்கோலும் அடுத்த மண்டலத்துத் தூசியும்

‘எங்க வீட்டுல’ இனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க வழியில்லை, அவர்கள் விடமாட்டார்கள். புது வீடு பார்க்கப் போனால் வாசலிலேயே நின்று, “எங்க வீட்டுல ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கும்” என்பார்கள். யாருடைய குழந்தையாவது இன்னும் நடக்கவில்லை என்றால் தங்கள் குழந்தை நடந்த மாதத்தைச் சொல்வார்கள், அடுத்தவர் வீட்டு நாய் குரைத்தால் தங்கள் நாயின் அடக்கத்தைச் சொல்வார்கள், நாய் இல்லாவிட்டால் நாய் வளர்க்காமல் இருப்பதன் மேன்மையைச் சொல்வார்கள். உலகம் என்பது இவர்கள் வீட்டின் நகல். கொஞ்சம் மோசமான நகல்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவரிடம் நான் வேலை பார்க்கிறேன். வானியல் ஆய்வுக்கூடத்தில் அவர் துறைத்தலைவர். நான் கணினிகளைக் கவனித்துக்கொள்பவன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முழக்கோல். எதையும் தன்னை வைத்தே அளப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? வங்கியிலிருந்து களைத்து வரும் மனைவி குளிருகிறது என்று மின்விசிறியை நிறுத்தினால், “எனக்குக் குளிரலையே?” என்று மறுபடி போடுவார். சிறுநீரகக் கல்லோடு மருத்துவமனையில் துடித்துக்கொண்டிருந்த மைத்துனரைப் பார்க்கப் போய், தான் பல் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொல்லி, “மறுநாளே வேலைக்குப் போயிட்டேன் மாப்ள” என்று தேற்றிவிட்டு வந்தவர். மைத்துனர் அன்று அழுதது கல்லால் அல்ல என்று வீட்டில் பேச்சு.

இதெல்லாம் குடும்ப விவகாரம், சகித்துக்கொள்ளலாம். ஒருநாள் அவருடைய முழக்கோல் வேறொரு விண்மீன் மண்டலம் வரைக்கும் நீண்டதுதான் கதை.

அந்த மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. எங்கள் பிரிவில் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் ஆய்வாளருக்கு அன்று கால் தரையில் படவில்லை. அவருக்கு நட்சத்திரத்தின் மேல் ஆசை இல்லை. அதன் முன்னால் கிடக்கும் தூசிமேல்தான். வெடித்த நட்சத்திரம் ஒரு பெரிய விளக்கு. அதன் ஒளி எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு கிளம்பும். நடுவழியில், காந்தப்புலத்தால் வரிசையாக நிற்கும் தூசித் துகள்களுக்குள் புகுந்து வெளியே வரும்போது, வாரிவிட்ட தலைமுடிபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து வரும். எந்த நிறத்து ஒளி அதிகம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் தூசி பொடியா, பருமனா என்று சொல்லிவிடலாம். இது தெரியாவிட்டால் தூசி எவ்வளவு வெளிச்சத்தை விழுங்கியது என்பதும் தெரியாது. அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கும் தப்பிப்போகும்.

நம் பால்வீதி மண்டலத்துத் தூசிக்கு இந்தச் சாய்வு பச்சை, மஞ்சள் பக்கம் உச்சத்துக்கு வரும். அக்காவின் வரைபடத்தில் அது நீலத்தைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனது. அதாவது, அங்கே இருந்தது பொடிப்பொடியான தூசி.

முழக்கோல் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “கருவி கெட்டுப்போச்சும்மா.”

“இல்ல சார். முன்னாடி தூசியே இல்லாத நட்சத்திரத்தை வெச்சுச் சோதிச்சுட்டேன். சுத்தமா இருக்கு.”

“முப்பது வருஷமா தூசி பார்க்கிறேன். நம்ம மண்டலத்துல இப்படி வரவே வராது.”

“அது நம்ம மண்டலம் சார். இது வேற.”

“வேறன்னா? தூசி எங்க போனாலும் தூசிதானே?”

இதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லுங்கள், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு முறை அளந்தால்தான் உறுதியாகும். நட்சத்திரமோ நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் கூடுதல் நேரம் கேட்க முழக்கோலின் கையெழுத்து வேண்டும். அவர் கருவியை முதலில் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னார். தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் இப்படித்தான் கோளாறு செய்து, சுத்தம் செய்ததும் சரியானதாம்.

அக்கா நேராக என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. “எத்தனையோ கோடி வருஷம் நடந்து வந்திருக்கு அந்த வெளிச்சம். இவர் கையெழுத்துப் போடுற வரைக்கும் வாசல்ல நில்லுன்னா நிக்குமா?”

“அவரை மீறிப் போனா உங்க வேலை, அக்கா...” என்றேன். அக்காவின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அதே கைதான்.

“தெரியும். ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல்ல படிக்குது, அதுவும் தெரியும்.”

பிறகு அவர் செய்த காரியத்தை நான் செய்திருக்கமாட்டேன். அடுத்த ஆண்டு தன் சொந்த ஆய்வுக்காக வாங்கி வைத்திருந்த தொலைநோக்கி நேரம் முழுவதையும் வேறொரு குழுவுக்குத் தாரைவார்த்தார். பதிலுக்கு அந்த வாரம் அவர்கள் கையில் இருந்த நேரத்தை வாங்கிக்கொண்டார். அவர்களுடைய தொலைநோக்கி, அவர்களுடைய கருவி. முழக்கோலின் கையெழுத்துக்கு அங்கே வேலையில்லை.

அடுத்த கூட்டத்தில் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இரண்டும் ஒரே மாதிரி நீலப்பக்கம் ஏறின.

“ரெண்டு கருவியும் ஒண்ணா கெட்டுப்போச்சா சார்?” என்றார் அக்கா, ரொம்ப மரியாதையாக.

முழக்கோல் தேநீரை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு, “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு” என்றார்.

கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் அக்காவுடையது. அதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது, இதைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே! ஆனால் அவருடைய சொந்த ஆய்வு ஓராண்டு பின்தங்கியது. அதற்காக யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. முழக்கோல் மேடை மேடையாக ஏறி, மற்ற மண்டலங்களில் தூசி பொடியாகத்தான் இருக்கும் என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து இன்னொரு மண்டலத்தில் இன்னொரு நட்சத்திரம் வெடித்தது. அக்கா அளந்தார். தூசி அப்படியே நம் மண்டலத்துத் தூசி மாதிரி இருந்தது.

முழக்கோல் திரையைப் பார்த்தார்.

“கருவியைப் பாரும்மா. போன தடவை இப்படி வரலையே!”

அக்கா சிரித்தாரா என்று கேட்கிறீர்களா? இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, “அட, எங்க ஆபீஸ்லயும் இதே மாதிரி ஒருத்தர்...” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாய் திறந்தீர்கள்தானே?

முழுசாகச் சொல்லி முடித்துவிடுங்கள். அடக்கிவைத்தால் உங்கள் இனத்தாருக்கு உடம்புக்கு ஆகாது.