தலைவருக்கு முந்தாத தீ

அன்புள்ள தம்பி சுயேகிச்சிக்கு,

யமகாத்தா மலைகளில் இலை சிவந்து, காலையில் மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற பருவம் வந்துவிட்டது. நீயும் உன் மனைவியும் சளி, இருமல் அண்டாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. உன் அண்ணி ஃபுமியே நன்றி சொல்லச் சொன்னாள். செண்டாய்க்குக் குடிபோன பிறகு சேப்பங்கிழங்குக் குழம்பில் நம் ஊர் மாட்டிறைச்சியை விட்டுவிட்டுப் பன்றியிறைச்சியும் மிசோ என்ற சோயா விழுதும் போடுகிறாய் என்று கேள்வி. போட்டுக்கொள். ஆனாலும் நீ என் தம்பிதான். சம்பிரதாயம் இதோடு போதும். நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

பம்ப் ஆலையில் நான் தலைவராக இருந்த பிரிவில் வேலை பார்த்த குகா, ஹாமுரா, தனேதா மூவரையும் நீ பார்த்திருக்கிறாய். ஓய்வு பெற்ற பிறகும் இலையுதிர்காலம் வந்தால் நாலு பேரும் ஆற்றங்கரையில் அடுப்புக் கூட்டிக் குழம்பு வைப்போம். ஆற்றங்கரையில் கூட்டம், இந்த வருஷம் மலைமேல் ஓடைப் பக்கம் போகலாம் என்று சொன்னவன் நான்தான். பானை குகா, கிழங்கு ஹாமுரா, இறைச்சி தனேதா, கத்தியும் தீப்பெட்டியும் வழக்கம்போல் தலைவர், அதாவது நான். பேருந்து எங்களை மலையடியில் இறக்கிவிட்டுப் போயிற்று, இனி சாயங்காலம்தான் வரும், பாதி தூரம் ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, ஓடையைத் தாண்டும்போது நான் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தேன், நடுங்கிக்கொண்டே ஒரு பெரிய பாறைக்கடியில் ஒதுங்கிப் பையைத் திறந்தால், தம்பி, கத்தியும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை! இரண்டையும் சமையலறை மேஜைமேல் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பகீரென்றது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள், என் பையை எட்டிப் பார்த்த ஹாமுரா கைதட்ட ஆரம்பித்துவிட்டான்.

"கத்தியும் தீப்பெட்டியும் இல்லாமலா! தலைவர்னா தலைவர்தான்! இந்த வயசுலயும் நமக்குப் பயிற்சி குடுக்கிறாரு பாருங்கடா!"

இதற்கப்புறம் மறந்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? "ஆமாம்" என்று சொல்லிவைத்தேன். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

தீ மூட்ட ஆளுக்கொரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். ஓடைக் கல்லைக் கல்லின்மேல் போட்டு உடைத்தால் விளிம்பு கூராகச் சில்லுகள் தெறிக்கும், அதுதான் கத்தி. காய்ந்த தேவதாருக் கிளையை இரண்டு மரங்களுக்கு நடுவே செருகி உடம்பைச் சாய்த்து நெம்பினால் பிளந்து பலகை கிடைக்கும், அதில் சில்லால் குழி தோண்டி, தணல் விழ அடியில் மரப்பட்டை நார் வைக்க வேண்டும். ஒரு குச்சியைச் சொரசொரப்பான பாறையில் தேய்த்து உருளையாக்கி, வளைந்த கொம்பில் பூட்ஸ் கயிற்றைக் கட்டி வில்லாக்கி, கயிற்றைக் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, குச்சியின் தலையைச் சாக்கே மதுக் கிண்ணத்தால் அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் இழுத்தேன். இதெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தது. பார்க்கும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா! குச்சி துள்ளி ஓடையில் விழுந்தது, கயிறு அறுந்தது, இன்னொரு பூட்ஸின் கயிறும் போயிற்று, உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். உதடு மரத்துவிட்டது. விரல்கள் இருக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. இன்றோடு நம் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"குகா, பிடிச்சுதா?" என்று கத்தினேன்.

"எங்க தலைவரே! எல்லாம் ஈரக்கட்டை. எனக்கு எங்க பிடிக்கப்போகுது?"

கொஞ்ச நேரத்தில் மூவரும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். திடீரென்று தனேதா அலறினான். "தலைவரே, அதோ கழுகு!"

திரும்பிப் பார்த்தேன். கழுகைக் காணோம். மறுபடி குனிந்தால் என் மரப்பட்டை நாரிலிருந்து புகை! ஊதினேன். குப்பென்று பிடித்துக்கொண்டது. மூவரும் கையைத் தூக்கி "பான்சாய்!" என்று வெற்றி முழக்கமிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, தம்பி. நான் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள், அவர்கள் மூவரின் பாறை மறைவிலும் தீ எரிந்தது.

குழம்பு கொதிக்கட்டும் என்று, ஒன்றுக்குப் போக அந்தப் பாறைகளுக்குப் பின்னால் போனேன். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரையில் அணைந்த தீயின் கரி வட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் பூட்ஸ் தடம்.

"குகா, என்னய்யா இது?"

ஹாமுரா வானத்தைப் பார்த்தான். குகாதான் தலையைச் சொறிந்தான். "அது வந்து தலைவரே... எனக்கு அப்பவே பிடிச்சிடுச்சு."

"பிடிச்சா கூப்பிட வேண்டியதுதானே! நான் இங்க விறைச்சுச் சாகறேன்!"

"உங்களுக்கு முன்னாடி எங்களுக்கு எரிஞ்சா மரியாதையா இருக்குமா? அதான் மிதிச்சு அணைச்சிட்டேன்."

"நீ, ஹாமுரா?"

"நானும்தான்."

"எனக்கு ரெண்டு தடவை பிடிச்சுது தலைவரே" என்றான் தனேதா, ஏதோ குற்றம் செய்தவன் போல. "அப்புறம் உங்க உதடு நீலமானதைப் பார்த்துப் பயந்துட்டோம். குகாதான் அவன் தணலை எடுத்து உங்க நாருக்குள்ள..."

"அப்ப கழுகு?"

"மழையில கழுகு எங்க தலைவரே பறக்கும்?"

பேயறைந்தவன் போல உட்கார்ந்துவிட்டேன். ஆலையில் மதிய இடைவேளை ஷோகிச் சதுரங்க ஆட்டத்தில் ஒருநாளும் நான் தோற்றதில்லையே, அதுவும் இப்படித்தானா? மீன்பிடிப் போட்டியில் பெரிய மீன் எனக்குத்தானே விழும், மீனிடம்கூடவா சொல்லிவைத்திருந்தார்கள்? கரோக்கேயில் என் பாட்டைக் கேட்டுத் தனேதா கண்கலங்கியதற்குக் காரணம் வேறா? தம்பி, சின்ன வயதில் சுமோ பிடிக்கும்போது நீ என்னிடம் விழுந்துகொண்டே இருப்பாயே, நிஜமாகத்தான் விழுந்தாயா? உண்மையை எழுது. வேண்டாம், எழுதாதே.

குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "இனிமே தலைவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு பேரும் சமம். எவனும் எனக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. யாருக்காவது மறுப்பு இருக்கா?"

"அப்படியே ஆகட்டும் தலைவரே!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். ஒருவன்கூட மறுத்துப் பேசவில்லை.

உயிரே போனாலும் மேலதிகாரிக்காகத் தீயை மிதிக்கிற இந்த மானங்கெட்ட பழக்கம் நம் நாட்டைவிட்டு ஒழிய வேண்டும். நீயாவது நிமிர்ந்து நில். குளிர் கூடுகிறது, வயிற்றில் கம்பளிப் பட்டை கட்டிக்கொள். உன் மனைவிக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நீண்ட காலம் நோய்நொடியில்லாமல் வாழ வேண்டும்.

உன் அண்ணன்,
இசோபெ கன்யிச்சி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தொலைபேசி அடித்தது. ஆலையின் முன்னாள் இயக்குநர் ஒகிமுரா, எண்பதைத் தாண்டியவர், எங்கள் கதையைக் கேள்விப்பட்டு அடுத்த மாதம் தாமும் வருகிறாராம், கத்தியும் தீப்பெட்டியும் இல்லாமல் தீ மூட்டிக் காட்டுவாராம். நேற்றுத்தான் கொல்லைப்புறத்தில் யார் உதவியும் இல்லாமல் எனக்கு முதல்முறையாகத் தீ பிடித்தது, ஃபுமியே சாட்சி. இயக்குநருக்கு முன்னால் எனக்குப் பிடித்துத் தொலைத்தால் நன்றாகவா இருக்கும்? என் பலகையை இப்போதே வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன்.