மூணாங்கேள்வி சிஸ்டர்

1953 ஜூன் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம், சாரல். மூணாங்கேள்வி சிஸ்டர் நனைந்த குடையோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். அன்றோடு இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒருவரும் நிம்மதியாக நோயாளியாக இருக்க முடியாமல் போயிற்று.

எங்கள் நர்சுகள் நான்கு பேருக்கும் பிரசவம் தெரியும், புண் கட்டத் தெரியும். மனம் உடைந்து வருகிறவர்களைப் பார்க்கத் தெரியாது. அதைப் பழக்கத்தான் திருவனந்தபுரத்திலிருந்து சிஸ்டரை அனுப்பியிருந்தார்கள்.

"வாறவங்க யாரா இருந்தாலும் மூணு கேள்வி கேக்கணும். ஒறக்கம் வருதா? சோறு இறங்குதா? செத்துப் போலாம்னு தோணுதா?"

மூன்றாவதற்கு யார் நாக்கும் எழவில்லை. "கேட்டா அந்த எண்ணமே வந்திராதா சிஸ்டர்?" என்றாள் இளையவளான புஷ்பம்.

"கேட்டா வராதுட்டி. கேக்காம விட்டாத்தான் உள்ள கிடந்து பெருகும்."

பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே. ஆஸ்பத்திரியில் கணக்கெழுதும் ரைட்டரான நான் அகப்பட்டேன். நான்கு பேர், காலையும் மாலையும், ஆக நாளைக்கு எட்டுத் தடவை என்னிடம் சாக விருப்பமா என்று கேட்டார்கள். எட்டுத் தடவையும் "இல்லை" என்றேன். எட்டுத் தடவையும் எண்ணிக்கொண்டிருந்த கொயினா மாத்திரை கணக்குத் தப்பியது.

முதுகில் கட்டியோடு வந்த ஒரு விவசாயியையும் புஷ்பம் விடவில்லை. "உன் கையில இருக்க ஊசியப் பாத்தா இப்பத்தான் தோணுது மக்கா" என்றார் அவர்.

ஐப்பசியில் என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பதினாறு முடிந்து வேலைக்கு வந்தேன். புஷ்பம் என் மேசையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனாள்.

"ஏட்டி, ரைட்டர்ட்ட கேட்டியா?"

"பாவம் சிஸ்டர், இன்னைக்கு வேண்டாம்."

"பாவம்னாத்தான் கேக்கணும்."

புஷ்பம் வந்து நின்றாள். முதல் இரண்டையும் கேட்டாள். மூன்றாவதைத் தரையைப் பார்த்துக் கேட்டாள். 'இல்லை' வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை.

"தோணுது" என்றேன்.

"எங்க வச்சு?" என்றார் சிஸ்டர், பக்கத்தில் வந்து.

"வீட்டுக் கிணறு."

அவர் ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஏட்டி, இவரு பக்கத்துல உக்காரு. பேசணும்னு இல்ல, எந்திரிச்சுப் போகாம இரு" என்று புஷ்பத்திடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் என்னைத் தம்பி வீட்டில் கொண்டு விட்டார். ஒரு வாரம் அங்கேயே இருந்தேன். திரும்பி வந்தபோது என் கிணற்றுக்குப் பலாப் பலகையில் மூடி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி சிஸ்டரிடம்.

அதன்பின் தினமும் காலை ஆறு மணிக்கு நடந்து வருவார். பூட்டைத் திறப்பார். நான் நாலு குடம் தண்ணீர் கோரி எடுப்பேன். மூன்று கேள்வி. மறுபடி பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன வேய், தண்ணிக்கும் பூட்டா? இனி காத்துக்கும் போடுவீரோ?"

"இவருக்க தண்ணி விலை கூடுனதாக்கும்" என்றார் சிஸ்டர்.

மறு ஆனியில் அவருக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று காலையிலும் கேட்டார். "இல்லை" என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

மூடிப் பலகை ஏழு ரூபாய், கீலும் பூட்டும் இரண்டே கால், ஆசாரி கூலி இரண்டு. எட்டு மாதம் நடந்து வந்த அந்த அம்மாள் தனக்கென்று ஒரு காசு வாங்கவில்லை. நான் இன்றுவரை இருப்பதற்கு எனக்கு ஆன செலவு, எல்லாம் சேர்த்து, பதினொன்றே கால் ரூபாய்.